வெளிக்கிடுவமா? கொழும்பில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரு நாள்

வெள்ளவத்தையில் காலை ஏழரை மணிக்கு ஒரு சைவக் கடைக்குள் நுழைந்தால் தனி மேசை கிடைக்காது. எந்தக் கதிரை காலியோ அதில் உட்கார வேண்டியதுதான். எதிரே இடியப்பத்தைச் சொதியில் குழைத்துக்கொண்டிருப்பவர் விசா அலுவலாக மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவராக இருக்கலாம். பக்கத்தில் இருப்பவர் சொந்தக்காரரின் கல்யாணத்துக்காக டொரண்டோவிலிருந்து வந்து, வீட்டில் எல்லோரும் சேலை எடுக்கப் போன நாளில் பொழுது போகாமல் இறங்கி வந்தவராக இருக்கலாம். சென்னையிலிருந்து வந்த நீங்கள் "கொஞ்சம் சட்னி" என்று கேட்டதும் இருவரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். "இந்தியாவிலயிருந்தோ வாறியள்?" அங்கேதான் ஆரம்பம். பிளேன்டீ முடிவதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அப்ப, வெளிக்கிடுவமா?"

கிளம்பலாமா என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சொல் அது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு "ஓம்" சொன்ன பிறகு செய்ய வேண்டியவற்றைப் பற்றியது. இப்படித் திடீரென்று சேர்ந்த ஆட்களோடு ஊர் சுற்றுவதற்கு கொழும்பைப் போல வசதியான நகரம் குறைவு என்பது என் உறுதியான எண்ணம். அதற்குக் காரணம் இங்குள்ளவர்களின் நல்ல குணம் மட்டுமல்ல, ஊரின் வடிவமும்தான். நகர மையமான கோட்டையிலிருந்து கல்கிசை வரை ஏறத்தாழ 12 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடல், கொள்ளுப்பிட்டிக்குத் தெற்கே அதை ஒட்டித் தண்டவாளம், அதற்குச் சற்று உள்ளே காலி நகருக்குப் போகும் காலி வீதி, மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் தெற்கு நோக்கிப் போகின்றன. எந்த இடத்தில் நின்றாலும் கடல் இருக்கும் பக்கம் மேற்கு. கூட வந்தவர்களைப் பிடிக்கவில்லை, களைத்துவிட்டது, தலையிடிக்கிறது என்றால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காலி வீதிக்கு நடந்து 100 அல்லது 101 இலக்க பஸ்ஸில் ஏறினால் போதும், தங்கியிருக்கும் இடத்துக்கு வந்துவிடலாம். 100 பாணந்துறைக்கும் 101 மொரட்டுவைக்கும் போகின்றன. இரண்டும் புறக்கோட்டையில் புறப்பட்டு வெள்ளவத்தையைக் கடந்துதான் போக வேண்டும். எந்த நேரமும் பிரிந்து போகலாம் என்ற நிம்மதி இருந்தால்தான் அறியாதவர்களோடு மனம்விட்டுக் கதைக்க முடியும். ஆகவே அன்றைய வழியைக் கடற்கரையை ஒட்டியே போடுங்கள். முதல் நாளே, முதல் சந்திப்பிலேயே, "கார் இருக்கு, நீர்கொழும்புக்குப் போவம், சிகிரியாவுக்குப் போவம்" என்பவரோடு போக வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் திரும்பி வரும் வழி உங்கள் கையில் இராது.

எத்தனை பேர் என்பது அடுத்தது. மூன்று பேர்தான் சரியான கணக்கு. ஓட்டோவின் பின்னிருக்கையில் மூன்று பேர்தான் ஏறலாம். நான்காமவர் வந்தால் சாரதி மறுப்பார், அல்லது பொலிஸ் மறித்தால் தண்டப்பணம் யார் கட்டுவது என்று பேச்சு வரும். நான்கு, ஐந்து பேர் என்றால் இரண்டு ஓட்டோ பிடித்து, ஒன்று முந்தி ஒன்று பிந்தி, பாதி நாள் "எங்க நிக்கிறியள்?" என்று கோல் எடுப்பதிலேயே போய்விடும். அப்படியானால் ஓட்டோவை மறந்துவிட்டு ரயிலிலும் பஸ்ஸிலுமே நாளை ஓட்டுங்கள்.

காசு விடயத்தைத் தேத்தண்ணி மேசையிலேயே பேசி முடிக்க வேண்டும். தமிழர்களுக்குள் இதில் ஒரு கூச்சம் இருக்கிறது. ஒருவர் "நான் குடுக்கிறன்" என்பார், மற்றவர் கையைப் பிடிப்பார், மூன்றாமவர் எழும்பிப் போய்க் காசாளரிடமே கொடுத்துவிடுவார். மாலையில் யார் யாருக்கு எவ்வளவு என்று ஒருவருக்கும் விளங்காது, மனதில் மட்டும் ஒரு சின்ன முள் இருக்கும். நல்ல வழி, எல்லோரும் ஒரே தொகையை, உதாரணமாக ஆளுக்கு 2000 ரூபாயை, ஒருவரிடம் கொடுத்துப் பொதுக்காசாக வைப்பது. பஸ், ரயில், தேத்தண்ணி, வடை எல்லாம் அதிலிருந்து. நகை, சேலை, புத்தகம் அவரவர் பாடு. முடிந்துபோனால் மறுபடி சம அளவில் போடுங்கள். மிஞ்சினால் பிரியும்போது பங்கிடுங்கள். ஏரிஎம் இயந்திரம் பெரும்பாலும் 5000 ரூபாய்த் தாள்களைத் தரும். அதை பஸ்ஸில் நீட்டினால் கொண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதலில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் தண்ணீர்ப் போத்தல் வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். 20, 50, 100 தாள்கள் கையில் இருந்தால் அன்றைய பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மேசையில் கேட்காமலே ஒரு தட்டு வந்து இருக்கும். அதில் இரண்டு ரோல்ஸ், இரண்டு கட்லட், மூன்று மூலையாக மடித்த ரொட்டி, மாலு பணிஸ் என்று ஆறேழு பண்டங்கள். சைவக் கடையென்றால் வடையும் மரக்கறி ரொட்டியும். இந்தியாவிலிருந்து வருபவர்கள் இதை இலவசம் என்று நினைப்பதும் உண்டு, ஏமாற்று வேலை என்று பயந்து தட்டைத் தள்ளிவிடுவதும் உண்டு. இரண்டும் அல்ல. எத்தனை எடுத்தீர்களோ அத்தனைக்கு மட்டும் காசு. மிச்சம் தட்டோடு அடுத்த மேசைக்குப் போகும். அதனால் சாப்பிடாததைத் தொட்டுப் பார்க்கக் கூடாது, பிய்த்துவிட்டுத் திருப்பி வைக்கவும் கூடாது. மாலு என்றால் சிங்களத்தில் மீன். சைவக்காரர்கள் அந்தச் சொல்லை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பதரைக்குப் பிறகு ரயில் ஏறுங்கள். அதற்கு முன் கோட்டைப் பக்கம் போகும் வண்டிகளில் அலுவலகக் கூட்டம் நெரியும், மூன்று பேர் ஒரே பெட்டியில் ஏறுவதே கஷ்டம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, பிறகு கோட்டை. வடக்கே போகும்போது கடல் இடது பக்கம். அலை பெரிதாக இருக்கும் மாதங்களில், அதாவது மே முதல் செப்டம்பர் வரை, யன்னலூடாகச் சாரல் முகத்தில் அடிக்கும். வாசலில் தொங்க வேண்டாம், கம்பங்கள் மிகக் கிட்ட வந்து போகும். டிக்கட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். இறங்கும் நிலையத்து வாசலில் திரும்பக் கொடுக்க வேண்டும், தொலைத்தால் தண்டம் கட்ட நேரிடும். மூன்று பேரின் டிக்கட்டையும் ஒருவரே வைத்திருப்பதுதான் வழக்கமான பிழை. கூட்டத்தில் அவர் முன்னால் வெளியே போய்விடுவார், மற்ற இருவரும் உள்ளே நிற்பார்கள். இன்னொன்று, காலி, மாத்தறைக் கடுகதி வண்டிகள் சின்ன நிலையங்களை நிற்காமல் தாண்டிவிடும். திரும்பி வரும்போது ஏறுமுன் "வெள்ளவத்தையில நிக்குமா?" என்று மேடையில் இரண்டு பேரிடம் கேளுங்கள்.

கோட்டை நிலையத்திலிருந்து வீதியைக் கடந்தால் புறக்கோட்டை. இங்கே அவசரப்படக் கூடாது. குறுக்குத் தெருக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரக்கு உண்டு. முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரச் சாமான், நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், மிளகாய், பருப்பு மொத்த வியாபாரம், கபோஸ் லேனில் மூலிகை மருந்து, செட்டியார் தெருவில் தங்கம். இந்தத் தெருக்களின் அரசர்கள் நாட்டாமிகள். மூட்டை சுமப்பவர்களுக்கும் கைவண்டி இழுப்பவர்களுக்கும் அதுதான் பெயர். தமிழ் நாட்டாமை சிங்களத்தில் நாட்டாமி ஆகி, சுமையும் தூக்கத் தொடங்கிவிட்டது. முதுகு வளைந்து, தலையில் கட்டிய சீலை நெற்றிவரை நனைந்து, அரிசி மூட்டைகள் அடுக்கிய வண்டியை ஒருவர் முன்னால் இழுக்க இன்னொருவர் பின்னால் தள்ளுவார். அந்த வண்டிக்குப் பிரேக் இல்லை. ஓடி வரும் வேகத்தை அவர்களால் சட்டென்று நிறுத்த முடியாது. "அயின் வென்ன!" என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் முதலில் கடைப் படியில் ஏறுங்கள். ஒதுங்குங்கள் என்பதே அதன் பொருள். படம் எடுக்க நடுத்தெருவில் நிற்பவர்கள்தான் இங்கே அடிபடுவது.

கூட்டத்தில் ஆளை ஆள் தவறவிடுவது நிச்சயம் நடக்கும். சத்தத்தில் போன் அடிப்பது கேட்காது. அதனால் நுழையும்போதே சந்திக்கும் இடத்தைப் பேசி வையுங்கள்: இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளி. சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் என்பது பழைய பெயர். 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தது. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுபோட்ட சுவர், மாதுளம்பழம் போன்ற கும்மட்டங்கள். யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். தொழுகை நேரம் தவிர்த்து, உடம்பை மூடிய உடுப்போடு கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மாவுக்காக முஸ்லிம் கடைகள் மூடிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் பெரும்பாலான கடைகள் இல்லை.

பிரதான வீதியால் கிழக்கே நடந்து, கெய்மன் வாசல் மணிக்கோபுரத்தைக் கண்டதும் செட்டியார் தெருவுக்குத் திரும்புங்கள். பழைய, புதிய கதிரேசன் கோயில்கள் இந்தத் தெருவில்தான் இருக்கின்றன. ஆடிவேல் விழாவில் வேல் இங்கிருந்துதான் தேரேறி பம்பலப்பிட்டிப் பக்கம் போகிறது. இன்னும் வடக்கே நடந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமை போனால் சைவக்காரர், பௌத்தர், முஸ்லிம் எல்லோரும் மெழுகுதிரியோடு நிற்பதைக் காணலாம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடம் இது. பையைத் திறந்து காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுங்கள். அங்கிருந்து கிட்டத்தான் கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேசுவரர் கோயில். பொன்னம்பல முதலியார் 1857இல் எழுப்பியதை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் புதுப்பித்துக் கட்டினார். வெளியே எவ்வளவு வெயில் கொளுத்தினாலும் உள்ளே தரை குளிரும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் மறுபடி திறக்கும். ஆகவே புறக்கோட்டையில் பதினொரு மணிக்கு மேல் நின்றால் இதை இழந்தீர்கள். கோட்டை நிலையத்திலிருந்து இங்கே சுமார் 2 கிலோமீற்றர், நின்று நின்று நடந்தால் ஒன்றரை மணி நேரம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு, முஸ்லிம் கடைகள் சிலவற்றில் சஹன் கிடைக்கும். பெரிய வட்டத் தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் சாப்பிடும் முறை. கல்யாண வீட்டுச் சாப்பாடு. முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், ஆள் சேர்ந்தால்தான் கட்டும். அறியாதவர்கள் ஒரே தட்டில் கை வைப்பது பலருக்குச் சங்கடம் என்பதால் வற்புறுத்த வேண்டாம். சோறும் கறியும் எங்கும் கிடைக்கும். இங்கே கறி என்றால் இறைச்சி அல்ல, பருப்பும் கறிதான், பூசணியும் கறிதான். காரத்தை உறைப்பு என்பார்கள். "உறைப்பு குறைய" என்று சொன்னாலும் உறைக்கும்.

சொற்கள் இப்படி ஒன்றுக்கொன்று இடறுவதே இந்த நாளின் பெரிய சந்தோஷம். தமிழகத்தவருக்குச் சர்க்கரை தேநீரில் போடுவது, இங்கே அது சீனி. இலங்கையில் சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடும் வெல்லம். சிங்கள ஓட்டோக்காரரை "அய்யே" என்று மற்றவர்கள் கூப்பிடுவது கேட்டு, இவ்வளவு மரியாதையா என்று நினைப்பீர்கள். சிங்களத்தில் அது அண்ணன், தம்பியென்றால் மல்லி. முஸ்லிம் கடைக்காரரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்று கூப்பிட்டால் அவர் முகமே மலரும். பஸ்ஸில் இறங்க "பஹினவா" என்று சத்தமாகச் சொல்லுங்கள். தரிப்பிடத்துக்கு ஹோல்ட் என்றே பெயர். மிச்சக் காசு வராவிட்டால் "இதுரு சல்லி" என்று கேளுங்கள். சிங்களத்தில் சல்லி என்றால் காசுதான். பலகையில் ஊர்ப்பெயர் மூன்று மொழியிலும் இருந்தாலும் ஓடுகிற பஸ்ஸில் படிக்க முடிவது இலக்கம் மட்டுமே.

மாலைவரை நேரம் இருந்தால் ஓட்டோ பிடித்துத் தேசிய நூதனசாலைக்குப் போங்கள். செயலியில் பிடிப்பதே நல்லது, பிக்மீ, ஊபர் இரண்டும் ஓடுகின்றன. சாரதி சிங்களத்தில் கோல் எடுத்தால் போனைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், அவர் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவார். 1877இல் திறந்த அந்தக் கட்டடத்துக்குள் ஒரே ஒரு கல்லுக்காக நான் ஆட்களை அனுப்புவேன். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நிறுத்திய காலி மும்மொழிக் கல்வெட்டு அது. திகதி 1409. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் துதி. மூன்றிலும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல். பிறகு அது மதகுக் கல்லாகக் கிடந்து 1911இல்தான் கண்டெடுக்கப்பட்டது. எழுத்து தேய்ந்திருக்கிறது, பக்கவாட்டில் நின்று வெளிச்சம் சாய்வாக விழும்படி பாருங்கள். அறுநூறு வருடத்துக்கு முன்பு இந்தத் தீவின் கரையில் இறங்கிய ஒரு அந்நியன் தன் செய்தியைத் தமிழில் வெட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறான். மட்டக்களப்பாரும் சென்னைக்காரரும் டொரண்டோக்காரரும் அதன் முன்னால் சேர்ந்து நிற்கும்போது வாய் தானாக மூடிக்கொள்ளும்.

ஐந்தரைக்குள் காலி முகத்திடலுக்கு வந்துவிடுங்கள். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்த கடலோர வெளி. சூரியன் ஆறு, ஆறரைக்குள் கடலில் இறங்கும். குளிக்க இறங்க வேண்டாம், இழுவை கடுமை. இஸ்ஸோ வடை வாங்கினால் சுடச்சுடப் பொரிப்பதை மட்டும் எடுங்கள். மேலே இறால் அழுத்திய பருப்பு வடை அது, காலையில் அடுக்கி வைத்ததைத் தொடவே வேண்டாம்.

இந்த இடத்தில்தான் மிகவும் கவனம் தேவை. நன்றாக உடுத்த ஒருவர் வந்து எந்த ஊர் என்று கேட்பார், தானும் சென்னைக்கு வந்திருப்பதாகச் சொல்வார், "இண்டைக்கு மட்டும் கோயில்ல யானை விழா" என்பார். பக்கத்தில் ஒரு ஓட்டோ தயாராக நிற்கும். கோயிலைக் காட்டிவிட்டு மாணிக்கக்கல் கடையில் கொண்டுபோய் நிறுத்துவார், விற்றதில் அவருக்குப் பங்கு, ஓட்டோவுக்கும் பல மடங்கு காசு. கங்காராமய பௌத்த விகாரையின் பெரிய யானை ஊர்வலம் பெப்ரவரிப் பக்கம் வரும் நவம் பௌர்ணமியை ஒட்டித்தான். காலையில் மேசையில் சந்தித்தவருக்கும் இவருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வாகனத்தையும் நேரத்தையும் நீங்கள் மாற்றிப் பாருங்கள். "நாங்க பஸ்ஸில வாறம், ஏழு மணிக்கு" என்றால் நல்ல கூட்டாளி "சரி" என்பார். தரகர் விட மாட்டார், ஏனென்றால் அவருடைய வருமானம் அந்த ஓட்டோவிலும் அந்த நேரத்திலும்தான் இருக்கிறது. மாட்டிக்கொண்டால் உல்லாசப் பயணிகளுக்கான பொலிஸ் 1912, சாதாரண பொலிஸ் 119. உடம்புக்கு முடியாவிட்டால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை.

பௌர்ணமி நாளில் வந்தால் மதுக்கடையும் இறைச்சிக்கடையும் மூடியிருக்கும். மே மாத வெசாக் என்ற பௌத்தத் திருநாள் என்றால் திட்டம் எதுவும் வேண்டாம். தோரணங்களுக்கு நடுவே தன்சல் என்ற இலவச உணவுப் பந்தலின் வரிசை எங்கே கண்டாலும் நில்லுங்கள், சோறோ பானமோ கொடுப்பார்கள், யாரென்று கேட்பதில்லை.

இரவுக்குக் கொத்து. வெள்ளவத்தைக்குத் திரும்பி, ஆறு மணிக்குப் பிறகு தகடு அடிக்கும் சத்தம் கேட்கும் கடைக்குப் போங்கள். முதலில் வெங்காயமும் கறிவேப்பிலையும் முட்டையும் தகட்டில் விழும், பிறகு நறுக்கிய ரொட்டி, கடைசியில் கறிக் குழம்பு. இரண்டு கையிலும் இரும்புத் தகடு பிடித்துக் கொத்துபவரின் தாளம் குழம்பு விழுந்ததும் மந்தமாகும். ஈரம் ஏறிவிட்டது என்பது அதில் தெரியும். அந்த நேரத்தில் எடுத்தால்தான் கொத்து உலராமல் இருக்கும். ஒரு முழுக் கொத்து இரண்டு பேருக்குத் தாராளம். மூன்று பேருக்கு இரண்டு வாங்கி, வெறும் தட்டு ஒன்று கேளுங்கள்.

பிரியும்போது ஒரே ஓட்டோவில் போவதானால் தெற்கே போகும் வரிசையில் முதலில் இறங்குபவர் தன் பங்கை இறங்கும்போதே கொடுத்துவிட வேண்டும், பிறகு அனுப்புகிறேன் என்பது வேண்டாம். பெண் ஒருவர் கூட இருந்தால், அவர் விரும்பினால், அவரை முதலில் இறக்கி வாசல் திறக்கும்வரை ஓட்டோ நிற்கட்டும். தான் தங்கியிருக்கும் வீட்டைக் காட்ட விரும்பவில்லை, சந்தியில் இறங்குகிறேன் என்று அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் சந்தியில் நிறுத்துங்கள். காலையில் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரும் "வந்து சேந்திட்டன்" என்று போட்ட பிறகுதான் மற்றவர்கள் படுக்க வேண்டும். தெகிவளையில் இறங்கியவரின் செய்தி வராவிட்டால் கோல் எடுங்கள். பெரும்பாலும் போனில் சார்ஜ் முடிந்திருக்கும்.